அந்த 15 சதவீதம் யாருக்குப் போகிறது?

பார் நிர்வாகத்துக்கு,

வணக்கம். கடந்த சனிக்கிழமை மதியம் நாஷ்வில் நகரத்தின் பிராட்வே தெருவில் இருக்கும் உங்கள் பாருக்கு நானும் மனைவியும், ஊரிலிருந்து வந்திருக்கும் என் அப்பாவும் வந்திருந்தோம். சாப்பாட்டைப் பற்றியோ பரிமாறியவர்களைப் பற்றியோ ஒரு குறையும் இல்லை. என் புகார் பில்லில் இருந்த ஒரே ஒரு வரியைப் பற்றியது: 'லைவ் மியூசிக் கட்டணம், 15 சதவீதம்'. நாங்கள் சாப்பிட்டதும் குடித்ததும் 52 டாலர், அந்த வரிக்கு மட்டும் 7 டாலர் 80 சென்ட். தொகை பெரிதில்லை. ஆனால் அது மேடையில் வாசிப்பவர்களுக்குப் போகிறது என்று எங்களை நம்ப வைத்தீர்கள், அதுதான் எனக்குக் கோபம்.

மேஜையில் ஒரு அட்டை வைத்திருக்கிறீர்கள். கிட்டார் படம் போட்டு, 'எங்கள் இசைக்கலைஞர்களுக்குக் கை கொடுங்கள்' என்று பெரிதாக, அதன் கீழே சின்ன எழுத்தில் பில்லில் 15 சதவீதம் சேர்க்கப்படும் என்று. இதைப் படிக்கிற யாரும் என்ன நினைப்பார்கள்? நானும் அதைத்தான் நினைத்தேன்.

நான் இந்த ஊரில் ஏழு வருடமாக இருக்கிறேன். பிராட்வேயில் நுழைவுக் கட்டணம் கிடையாது, வாசிப்பவர்கள் டிப்ஸ் பக்கெட்டை நம்பித்தான் வாசிக்கிறார்கள் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். யார் வந்தாலும் ராத்திரியில் கூட்டிப் போக மாட்டேன், மதியம்தான். இரண்டு மணியிலிருந்து ஆறு மணி வரை கூட்டம் கொஞ்சம் குறைவு, பழைய பாட்டு கேட்டால் வாசிப்பார்கள், மெதுவான பாட்டுக்கும் இடம் இருக்கும். அன்று உங்கள் மேடையில் இருந்த நான்கு பேரும் அப்படி வாசித்தார்கள்.

அப்பா தஞ்சாவூர்ப் பக்கம், சின்ன வயதில் சில வருடம் வயலின் கற்றவர். இந்த ஊருக்குப் பேர்போன கன்ட்ரி மியூசிக் என்றால் என்னவென்றே தெரியாமல்தான் வந்து உட்கார்ந்தார். பெடல் ஸ்டீல் கிட்டார் வாசித்தவரைப் பார்த்ததும் நிமிர்ந்துவிட்டார். மேஜை மாதிரி முன்னால் பத்துத் தந்தி, இடது கையில் ஒரு இரும்பு உருளை, காலால் பெடல், முழங்காலால் லீவர், இத்தனையையும் சேர்த்து ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிக்கொண்டு போவதைக் கேட்டு, "டேய், இது கோட்டுவாத்தியம்டா" என்றார். அதுவும் வீணை மாதிரி இருக்கும், தந்தி மேல் ஒரு கட்டையை வழுக்கி வாசிப்பது. அப்புறம் அதை வாசித்த பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரிகளை ரேடியோவில் கேட்ட கதையெல்லாம் சொன்னார். பேஸ் வாசித்தவர் அன்றைக்கு வேறொருவருக்குப் பதிலாக வந்தவராம். ஒத்திகை ஏதும் இல்லாமல், பாடுகிறவர் முதுகுக்குப் பின்னால் விரலைக் காட்ட, ஒன்று, நான்கு, ஐந்து என்று அதைப் பார்த்தே அவர் கார்டு (சுரக்கூட்டு) மாற்றி வாசித்தார். எத்தனையாவது சுரத்தில் தொடங்கும் கார்டு என்பதுதான் அந்த எண் என்று நான் சொன்னதும் அப்பா "ச, ம, ப" என்று சிரித்தார். இந்தப் பயணத்தில் அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்க்கவில்லை.

நான்கரை மணி வாக்கில் ஃபிடில் வாசித்த பெண் பக்கெட்டை எடுத்துக்கொண்டு மேஜை மேஜையாக வந்தார். எங்கள் ஊரில் கச்சேரி பிடித்துப்போனால் நாதஸ்வரக்காரர் சட்டையில் ரூபாய் நோட்டைக் குத்திவிட்டு வருவார்கள், அந்தப் பழக்கத்தில் வளர்ந்தவர் அப்பா. உடனே சட்டைப் பையில் கை விட்டார். நான்தான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "வேண்டாம்பா, பில்லிலேயே சேர்த்துவிடுவார்கள்" என்றேன். அந்தப் பெண்ணிடமும் அட்டையைக் காட்டி அதையே சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லாமல் தலையசைத்துவிட்டு அடுத்த மேஜைக்குப் போனார்.

ஆறு மணிக்குப் பில் கட்டிவிட்டு, ரைமன் அரங்கத்தை அப்பாவுக்குக் காட்டலாம் என்று பின்சந்து வழியாகப் போனோம். 1943 முதல் 1974 வரை கிராண்ட் ஓல் ஆப்ரி என்ற கன்ட்ரி மியூசிக் ரேடியோ நிகழ்ச்சி நடந்த இடம். அங்கே வாசித்தவர்கள் இந்தச் சந்து வழியாகத்தான் பிராட்வே பார்களுக்கு வருவார்கள் என்று சொல்லிக்கொண்டே போனால், அதே நான்கு பேர் ஆம்ப்ளிஃபையர்களையும் பெட்டிகளையும் தாங்களே தூக்கி வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அப்பா நன்றி சொல்லப் போனார். பேச்சோடு பேச்சாக, 15 சதவீதம் ஒழுங்காக வந்து சேருகிறதா என்று நான் கேட்டேன். ஒரு சென்ட்கூட வருவதில்லை என்றார்கள். பார் தருகிற சின்னச் சம்பளம், பக்கெட்டில் விழுவதை நான்காகப் பிரித்தது, அவ்வளவுதான். இதைச் சொன்னது யார் என்று நான் எழுதப் போவதில்லை, தயவுசெய்து நீங்களும் விசாரிக்க வேண்டாம். நான் கேட்டதால்தான் சொன்னார்கள்.

நாலு மணி நேரம் வாசித்தவர்களின் பக்கெட்டுக்குக் குறுக்கே என் கையை நீட்ட வைத்தது உங்கள் அட்டை. என்னிடம் அப்போது பத்து டாலர்தான் ரொக்கமாக இருந்தது, அதைக் கொடுத்தேன். அப்பா தன்னிடம் இருந்ததைக் கொடுத்தார். அன்று அதே அட்டையைப் படித்துவிட்டுப் பக்கெட்டில் எதுவும் போடாமல் எழுந்து போனவர்கள் எத்தனை பேரோ!

திங்கட்கிழமை உங்கள் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். அந்தக் கட்டணம் ஒலி, ஒளி அமைப்புச் செலவுக்கு என்றார்கள். சரி, பில்லில் கட்டாயமாகச் சேர்க்கிற கட்டணம் சட்டப்படி நிறுவனத்தின் வருமானம்தான், டிப்ஸ் ஆகாது, அது எனக்கும் தெரியும். ஆனால் ஸ்பீக்கருக்கு வாங்குகிற பணத்தை ஸ்பீக்கருக்கு என்று சொல்லி வாங்குங்கள். கலைஞர்களுக்கு என்று எழுதி வாங்கினால் கலைஞர்களுக்குத்தான் போக வேண்டும்.

எனக்குப் பணத்தைத் திருப்பித் தர வேண்டாம். அன்று இரண்டிலிருந்து ஆறு வரை அந்த வரியில் வசூலான மொத்தத்தையும் அந்த நான்கு பேருக்குக் கொடுங்கள், அவர்கள் பெயர் உங்கள் அட்டவணையில் இருக்கும். அட்டையை இந்த வாரமே எடுத்துவிடுங்கள். இல்லையென்றால், இந்தக் கட்டணம் வாசிப்பவர்களுக்குச் சேராது, பக்கெட்டில் தனியாகப் போடுங்கள் என்று அதே பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள்.

பில் நகலையும் அட்டையின் புகைப்படத்தையும் இணைத்திருக்கிறேன். அப்பா நவம்பர் 9ஆம் தேதி ஊருக்குக் கிளம்புகிறார். அதற்குள் இன்னொரு சனிக்கிழமை மதியம் அந்த ஸ்டீல் கிட்டாரைக் கேட்க வேண்டும் என்கிறார். உங்கள் இடத்துக்குக் கூட்டி வரலாமா, வேறு இடம் பார்க்க வேண்டுமா என்பதை உங்கள் பதிலைப் பார்த்துத்தான் முடிவு செய்வேன். அதற்கு முன்னால் பதில் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
சனிக்கிழமை மதியம் மேடைக்கு முன்னால் இரண்டாவது மேஜையில் உட்கார்ந்திருந்த வாடிக்கையாளர்