ஊசி போட்டும் ஏன் வந்தது?

அன்புள்ள சொக்கு,

எல்லா ஊசியும் போட்ட பக்கத்து வீட்டுப் பையனுக்கே மூளைக்காய்ச்சல் வந்ததே, அப்புறம் ஊசி எதற்கு என்று கேட்டிருந்தாய். பிள்ளை தேறிவிட்டான் என்பதே பெரிய நிம்மதி.

ஆய்வகத்தில் இருந்த காலத்தில், முதுகுத்தண்டில் எடுத்த நீர் கலங்கலாக வந்தாலே எனக்குப் பகீரென்று இருக்கும். சாயம் ஏற்றிப் பார்த்தால், இளஞ்சிவப்பில் குட்டைக் குச்சிகளாகக் கிடப்பது ஹிப் என்ற பாக்டீரியா. ஊதாவில் ஜோடி ஜோடியாக நிற்பது நிமோகாக்கஸ். இரண்டுமே மூளைக்காய்ச்சல் தருகிற கிருமிகள். 2011 டிசம்பரில் நம் மாநிலத்துக்கு ஐந்து நோய்களைத் தடுக்கும் பென்டா ஊசி வந்தது, அதில் ஹிப்பும் அடக்கம். முறையாகப் போட்ட நாடுகளில் ஹிப் கிட்டத்தட்ட ஒழிந்தே விட்டது.

நிமோகாக்கஸ் லேசில் விடுகிற ஆள் இல்லை. மேலுறையை வைத்துப் பிரித்தால் சுமார் நூறு வகை. ஊசி அதில் சில உறைகளைத்தான் உடம்புக்கு அடையாளம் காட்டும். இது குடியிருப்பதோ பிள்ளைகளின் மூக்குக்குப் பின்னால். நம் கல்யாணப் பந்தியில் ஒருவர் எழுந்தால் இடம் காலியாகவா கிடக்கும்? அமெரிக்காவில் 2000இல் ஏழு வகைக்கு ஊசி வந்தது. அந்த ஏழும் சரிய, காலியான இடத்தில் 19ஏ என்ற வகை தலைதூக்கியது. 2010இல் அதையும் சேர்த்துப் பதின்மூன்று வகைக்குப் போட்டார்கள். பிறகு பிரான்சில் 24எஃப் கிளம்பியது. நம் புனே சீரம் நிறுவன ஊசியின் பத்து வகைகளில் 19ஏ உண்டு, 24எஃப் கிடையாது.

அதற்காக ஊசி வீண் என்று சொல்லிவிடாதே. புதிதாக இடம் பிடித்தவற்றில் பல, மூக்கோடு நின்றுவிடுகிறவை. ரத்தத்தில் ஏறி மூளை உறை வரை போவது குறைவு. சிறுபிள்ளைகளின் மொத்தக் கணக்கு இறங்கித்தான் இருக்கிறது.

என் ஆத்திரம் வேறு. பையனுடைய கல்ச்சரில், அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கிற சோதனையில், ஒன்றும் வளரவில்லை என்று எழுதியிருந்தாய். மெடிக்கல் ஷாப்பில் ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுத்துப் பார்த்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனால் எப்படி வளரும்? டாக்டர் சந்தேகப்பட்டால் மருந்தை உடனே ஏற்ற வேண்டியதுதான், அது சரி. ஆனால் நாமாக ஊற்றுகிற சிரப்பால், எந்த வகை வந்தது என்பதே தெரியாமல் போகிறது. அது தெரியாமல் அடுத்த ஊசியில் எதைச் சேர்ப்பது?

உன் பேத்திக்கு இந்த நிமோகாக்கஸுக்கான ஒன்பதாம் மாத நிமோனியா ஊசி பாக்கி இருக்கும், அட்டையைப் பார். புதன்கிழமை மருமகளை அனுப்பிவிடு. பிள்ளையார் நோன்புக்கு ஊருக்கு வருவாய்தானே? மற்றதை நேரில் பேசுவோம்.

உன்,
லெட்சுமணன்
காரைக்குடி