எந்தப் புத்தன்வீடு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நிலுவையில் கிடக்கும் பிடிவாரண்டுகளுக்காகப் போலீசார் இரவோடு இரவாக ஆட்களைப் பிடித்தார்கள் என்று செய்தி வரும்போதெல்லாம், டீக்கடையில் உட்கார்ந்து "நல்லா வேணும்" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்புகிறவன் நான். என் அக்கா மகன் பெயரிலேயே ஒரு வாரண்ட் மூன்று வருஷமாகக் கிடந்தது தெரிந்த பிறகு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை.

குலசேகரம் பக்கத்தில் கிளை அஞ்சலகம் ஒன்றில் 34 வருஷம் தபால் கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். திருவிதாங்கூர் ராஜ்யத்தின் தனித் தபால் துறையான அஞ்சல், 1951-இல் இந்தியத் தபாலோடு சேர்ந்துவிட்டது. ஆனாலும் பழைய ஆட்கள் என்னைக் கடைசி வரை "அஞ்சல்காரன்" என்றுதான் கூப்பிட்டார்கள். எங்கள் வார்டில் மட்டும் புத்தன்வீடு என்ற வீட்டுப் பெயரில் ஐந்து வீடு இருக்கிறது. மேலவிளை வீடு மூன்று. பஞ்சாயத்தில் கதவு எண்ணை மாற்றும்போது பழைய எண் ஒரு காகிதத்திலும் புதிய எண் இன்னொரு காகிதத்திலும் நிற்கும். அப்பா பெயரை வைத்துத்தான் எந்தக் கடிதம் எந்தப் புத்தன்வீட்டுக்கு என்று பிரிப்பேன். சம்மன் என் பையில் வந்ததில்லை. அதைப் போலீஸ்காரர் கொண்டுவருவார். புதிதாக மாற்றலாகி வந்தவராக இருந்தால் புத்தன்வீடு எது என்று முக்கில் நின்று கேட்பார். "அவன் கேரளத்துக்கு வேலைக்குப் போயாச்சே" என்று யாராவது சொல்வார்கள். அதோடு சம்மன் வந்த வழியே திரும்பிவிடும்.

அந்த அக்கா மகன் விஷயம் இதுதான். 2016-இல் அவன் ஓட்டிய பைக் ஒரு பெரியவர் மீது மோதி அவருக்குக் கால் முறிந்தது. இந்தியத் தண்டனைச் சட்டம் 279, 338 பிரிவுகளில் வழக்கு. ஸ்டேஷன் ஜாமீனில் அன்றைக்கே விட்டுவிட்டார்கள். கோர்ட்டுக்கு நாலைந்து வாய்தா போனான். அப்புறம் திருச்சூரில் டைல்ஸ் வேலை கிடைத்தது. வக்கீல் குமாஸ்தா "நீ வர வேண்டாம், 317 போட்டுக்கலாம்" என்றார். ஆள் வர முடியாத நாளில், இன்றைக்கு மட்டும் விட்டுவிடுங்கள் என்று கேட்கிற மனுதான் இந்த 317. சில வாய்தா போட்டார்கள். இடையில் கொரோனா வந்தது, தேதிகள் தாறுமாறாயின, வக்கீலும் தொழிலை விட்டுவிட்டார். யாரும் இவனிடம் சொல்லவில்லை, இவனும் கேட்கவில்லை. 2021-இல் பிடிவாரண்ட் போட்டுவிட்டார்கள்.

கத்தாரில் வேலை என்று பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டபோது, விசாரணைக்கு வந்த போலீஸ்காரர் சொல்லித்தான் எங்களுக்கே தெரியும். கைது வாரண்ட் நிலுவையில் இருந்தால் பாஸ்போர்ட்டை மறுக்கலாம் என்று 1967-ஆம் வருஷத்துப் பாஸ்போர்ட் சட்டத்திலேயே இருக்கிறது. அன்று ராத்திரி இவன் வீட்டில் படுக்கவில்லை. ரப்பர் ஷீட் உணக்குகிற புகைப்புரையில் போய்ப் படுத்தான், மூன்று நாள். நாலாம் நாள் காலையில் சட்டையெல்லாம் புகை நாற்றத்தோடு என் திண்ணையில் வந்து உட்கார்ந்து, "மாமா, ஸ்டேஷன்ல யாரையாவது பிடிச்சு இதை அழிச்சிர முடியுமா?" என்று கேட்டான்.

முடியாது. இதை எழுதுவதே முக்கியமாக இந்தக் கேள்விக்காகத்தான். போட்ட கோர்ட் ரத்து செய்யும் வரை, இல்லையென்றால் நிறைவேற்றப்படும் வரை, வாரண்ட் உயிரோடுதான் இருக்கும். பத்து வருஷம் ஆனாலும் காலாவதி ஆகாது. ஸ்டேஷனில் யாரும் அதை அழிக்க முடியாது. அழித்துத் தருகிறேன் என்று காசு கேட்கிறவர் உங்களை ஏமாற்றுகிறார். ஒளிந்துகொண்டே இருந்தால் தேடப்படுபவர் என்று கோர்ட் பிரகடனம் போடும், அதற்குமேல் சொத்து ஜப்தி வரை போகும்.

சரி, எப்படிப் பார்ப்பது? செல்போனில் இ-கோர்ட்ஸ் என்ற செயலி இருக்கிறது, கோர்ட்டுகளின் அதிகாரபூர்வமான செயலி, இலவசம். அதில் வாரண்ட் என்று தேடுவதற்குத் தனி இடம் கிடையாது, வழக்கைத்தான் தேட வேண்டும். மாநிலம், மாவட்டம், கோர்ட் வளாகம் தேர்ந்தெடுத்து, பெயரும் வருஷமும் கொடுக்க வேண்டும். நாங்கள் ஒரு மணி நேரம் மல்லுக்கட்டினோம். இவன் பெயர் 'ஜ'வில் ஆரம்பிக்கிற கிறிஸ்தவப் பெயர். ஆங்கிலத்தில் அதை நாலு விதமாக எழுதலாம். ஞானஸ்நான சர்டிபிகேட்டில் ஒன்று, ரேஷன் கார்டில் ஒன்று, எஃப்.ஐ.ஆரில் ஏட்டு கேட்டு எழுதியது இன்னொன்று. பெயரில் மூன்று எழுத்து கொடுத்தாலே தேடும் என்பது பிறகுதான் தெரிந்தது. வருஷத்திலும் கோட்டை விட்டோம். விபத்து நடந்த 2016-ஐப் போட்டால் வரவில்லை. குற்றப்பத்திரிகை போய் வழக்கு கோர்ட்டில் பதிவான வருஷம் 2017. அதைப் போட்டதும் வந்தது. எஃப்.ஐ.ஆர். எண் கையில் இருந்தால் இந்தப் பாடே இல்லை. ஸ்டேஷன், எண், வருஷம் மூன்றும் போதும். எங்களுடையது பைக் இன்சூரன்ஸ் காகிதங்களுக்கு நடுவில் மடங்கிக் கிடந்தது மறுநாள்தான் அகப்பட்டது.

இன்னொன்று. 'நிலுவை' என்பதில் மட்டும் தேடி, ஒன்றும் இல்லை என்று நிம்மதியாகிவிடாதீர்கள். முடிந்தவை, நிலுவை இரண்டையும் சேர்த்துத் தேடுங்கள். பல பேர் மேல் உள்ள வழக்கில் வராதவரை மட்டும் பிரித்து வேறு எண் கொடுப்பதும் உண்டு. வழக்கைத் தொட்டால் ஒவ்வொரு வாய்தாவும் எதற்கு என்று வரிசையாக வரும். 2021-இல் ஒரு வரியில் என்.பி.டபிள்யூ. என்று இருந்தது. ஜாமீனில் விட முடியாத வாரண்ட் என்று அர்த்தம். அதற்குக் கீழே எல்லா வரியிலும் அதேதான். இவன் விரலால் தள்ளிக்கொண்டே போனான், முடியவே இல்லை.

நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்கள் கேரளத்தையும் தேர்ந்தெடுத்துப் பார்க்க வேண்டும். 1956 வரை ஒரே ராஜ்யமாக இருந்த இடம், இன்றும் நமக்கு வேலை, ஆஸ்பத்திரி, சம்பந்தம் எல்லாம் எல்லையில் உள்ள களியக்காவிளைக்கு அந்தப் பக்கமும்தான். அங்கே நடந்த வழக்கு இங்கே தேடினால் வராது. அங்கே போட்ட வாரண்டை இங்கே நிறைவேற்ற எந்தத் தடையும் இல்லை. செக் கொடுத்துக் கடன் வாங்கியவர்கள் இன்னும் கொஞ்சம் தள்ளியும் தேட வேண்டும். செக் திரும்பினால், அதைக் கணக்கில் போட்டவரின் வங்கிக் கிளை எந்த ஊரோ அந்த ஊர் கோர்ட்டில்தான் வழக்கு வரும். ஜீவனாம்சப் பணம் கட்டாமல் விட்டாலும் வாரண்ட் வரும். சம்மன் வாங்கிவிட்டுப் போகாத சாட்சிக்கும் வரும், இது பலருக்குத் தெரியாது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் புது வக்கீலோடு கோர்ட்டுக்குப் போனோம். செவ்வாய் என்பது யோசித்து வைத்த நாள். வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல் போய் ஏதாவது தகராறானால் சனி, ஞாயிறு உள்ளேயே கழியும் என்றார் வக்கீல். வக்காலத்தும், வாரண்டை ரத்து செய்யக் கேட்கும் ரீகால் மனுவும் காலையிலேயே கொடுத்தாயிற்று. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது 72-ஆம் பிரிவு, ஆனால் வராந்தாவில் எல்லார் வாயிலும் பழைய சட்டத்தின் 70(2) மனுதான். டவாலி மூன்று முறை பெயர் கூப்பிட்டார், மூன்றாவது தடவைதான் இவனுக்குக் காது கேட்டது. "இத்தனை நாள் எங்கே இருந்தீங்க?" என்றார் மாஜிஸ்திரேட். "திருச்சூர்ல டைல்ஸ் வேலை, ஐயா." "வேலைக்கு லீவு போட்டா மேஸ்திரிகிட்ட சொல்வீங்கல்ல? இங்கே சொல்லத் தோணலையா?" இவன் சிமெண்ட் அரித்து வெடித்த கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். வாரண்டை ரத்து செய்து, இரண்டு ஜாமீன்தாரர் கேட்டார். கரம் (நிலவரி) தீர்த்த ரசீதையும் ஆதாரையும் கொண்டுபோய் நான் ஒரு ஆளாக நின்றேன்.

எல்லாருக்கும் இப்படியே முடியும் என்று சொல்ல மாட்டேன். ரத்து செய்யாமல் ரிமாண்ட் செய்யவும் மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் உண்டு, அப்போது ஜாமீன் மனுதான். ஆனால் தானாக வந்து நிற்பவனையும் பிடித்துக் கொண்டுவரப்பட்டவனையும் ஒரே கண்ணால் பார்ப்பதில்லை. வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் 15100-க்குப் போன் செய்யலாம், சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் எண். பெண்களுக்கும் பட்டியல் இனத்தவருக்கும் வருமானக் கணக்குப் பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு.

இவன் வழக்கு இப்போது நடக்கிறது. பாஸ்போர்ட்டுக்குக் கோர்ட்டில் அனுமதி கேட்டிருக்கிறான்.

இதில் அவன் தப்பு இல்லை என்று நான் வாதாடவில்லை. நாலு வருஷத்தில் ஒரு தடவை குமாஸ்தாவுக்குப் போன் போட்டிருந்தாலே தெரிந்திருக்கும். ஆனால் குற்றப்பத்திரிகையில் இவன் செல்போன் நம்பர் இருக்கிறது, இன்றைக்கும் அதே நம்பர்தான். சம்மனை மின்னணு முறையில் அனுப்பலாம் என்று புதுச் சட்டமே சொல்கிறது. வாரண்ட் போடும் முன் அந்த நம்பருக்குத் தமிழில் இரண்டு வரி அனுப்பக் கூடாதா? "இந்த எண் வழக்கில் இந்தத் தேதியில் வர வேண்டும், தவறினால் பிடிவாரண்ட்" என்று. அஞ்சு புத்தன்வீட்டில் எது என்று யாரும் தேட வேண்டியதில்லை. போலீசாருக்கும் ராத்திரி அலைச்சல் குறையும். பெயர்த் தேடலில் தமிழ் எழுத்தில் அடித்தாலும் வழக்கு வரும்படி வைத்தால் 'ஜ'வுக்கு நாலு ஸ்பெல்லிங் பார்க்கிற வேலையும் மிச்சம். உயர் நீதிமன்றத்தின் கவனத்துக்குத் தங்கள் நாளிதழ் இதைக் கொண்டுபோனால் நல்லது.

ஆனால் இப்படி ஒரு செய்தி வர ஆரம்பித்தால் மோசடிக்காரர்களும் அதேபோல் அனுப்புவார்கள் என்பதும் எனக்குத் தெரியும். இப்போதே வாட்ஸ்அப்பில் போலி வாரண்ட் அனுப்பி, வீடியோ காலில் போலீஸ் வேஷம் போட்டு, "டிஜிட்டல் கைது" என்று மிரட்டிப் பணம் பறிக்கிறார்கள். அப்படி ஒரு கைது சட்டத்தில் கிடையாது, போனில் பணம் கட்டி எந்த வாரண்டும் தீராது. வந்தால் 1930-க்குச் சொல்லுங்கள். உண்மையான வாரண்டில் கோர்ட் முத்திரையும் நீதிபதி கையெழுத்தும் இருக்கும், காட்டச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

விஷயம் ஊரில் பரவியதிலிருந்து என் திண்ணைக்கு ஆள் வருகிறார்கள். போன வாரம் திற்பரப்புப் பக்கத்திலிருந்து ஒரு ரப்பர் பால்வெட்டுக்காரர் வந்தார். 2014-இல் ஏதோ அடிதடி, அப்புறம் என்ன ஆச்சு என்று தெரியாது என்றார். மூன்றாவது ஸ்பெல்லிங்கில் கிடைத்தது. வழக்கின் 16 இலக்க எண்ணை ஒரு பழைய இன்லண்ட் லெட்டரின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தேன். வீட்டுப் பெயர் கேட்டேன், புத்தன்வீடு என்றார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர்,
குலசேகரம் வழி, கன்னியாகுமரி மாவட்டம்.