மாதவிடாய் வலியும் கைமருந்தும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

மாதவிடாய் காலத்தில் சுரக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்னும் வேதிப்பொருள் கருப்பைத் தசைகளை இறுக்குவதால்தான் அடிவயிறு பிசைகிறது. ஏற்காட்டுக் குளிரில் காப்பிப் பழம் பறிக்கும் பெண்கள், மாலையில் வீடு திரும்பியதும் வெந்நீர்ப் பையைத் துணியில் சுற்றி அடிவயிற்றில் வைத்துக்கொள்வது அத்தசைகளைத் தளர்த்தும் நல்ல வழியே. இஞ்சி இவ்வலியைத் தணிப்பதாகச் சில ஆய்வுகளும் காட்டியுள்ளன. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வாங்கிய சுக்கை நசுக்கிப் போட்டு, நீர் பாதியாகச் சுண்டியதும் கருப்பட்டி சேர்த்து வடிகட்டும் வழக்கம் எங்கள் பக்கத்து வீடுகளில் இன்றும் உண்டு. இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை உண்போர் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது. உளுந்தங்களி சத்தான உணவுதான், ஆனால் அன்றைய வலியை அது நிறுத்திவிடும் என்று சொல்வது மிகை.

எனக்கு வருத்தம் தருவது வேறு. சுருண்டு படுத்திருக்கும் பெண்ணுக்குக் கஷாயம் கொடுத்துவிட்டு, ‘மாத்திரை போட்டால் கருப்பை கெட்டுவிடும்’ என்று பெரியவர்கள் தடுக்கிறார்கள். மெஃபனமிக் அமிலம் போன்ற மாத்திரைகள் புரோஸ்டாகிளாண்டின் சுரப்பையே குறைப்பவை. மருத்துவர் சொன்ன அளவில் உண்பதால் கருப்பைக்குக் கேடில்லை. மாதந்தோறும் வலி கூடிக்கொண்டே போனாலோ, உதிரப்போக்கு மிகுந்தாலோ, எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உட்படலம் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்வது) போன்ற நோய் உள்ளதா என்று பார்க்க வேண்டும். சுக்கு நீரால் அது தீராது. மலைக் கிராமங்களுக்கு வரும் சுகாதாரச் செவிலியர்கள் இதைத் தாய்மார்களிடமும் பாட்டிமார்களிடமும் எடுத்துச் சொல்ல மாவட்ட நிர்வாகம் ஏற்பாடு செய்ய வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, ஏற்காடு