யாழ்ப்பாணக் கோட்டையைப் பராமரிப்போருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரியோரே,

கடந்த வாரம் எங்கள் வகுப்புப் பிள்ளைகளைக் கோட்டைக்கு அழைத்து வந்தேன். ஒல்லாந்தர் தேவாலயம் நின்ற இடத்தில் கிடந்த கற்குவியலைப் பார்த்து மாணவி ஒருத்தி, "ரீச்சர், இது சுனாமியில் இடிந்ததா?" என்று கேட்டாள்.

அவள் மீது குற்றமில்லை. போர் முடிந்த பிறகு பிறந்தவள். 1706 இல் சிலுவை வடிவில் எழுந்த தேவாலயம் அது. தரையில் கல்லறைக் கற்கள் பதித்திருந்தது. எங்கள் தலைமுறையின் போரில்தான் இடிந்துபோனது. நாங்கள் நின்ற இடத்தில் இதைச் சொல்லும் ஒரு வரிகூட எங்கள் கண்ணில் படவில்லை. பிள்ளைகள் அந்தக் கற்களில் ஏறி நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். இறங்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஏன் இறங்க வேண்டும் என்பதை அவர்களுக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்?

அந்தக் கற்களின் அருகே அவற்றின் கதையை எழுதி வையுங்கள். நான் கேட்பது அதைத்தான்.

போர்த்துக்கேயரின் நாற்கோணக் கோட்டையை 1658 இல் ஒல்லாந்தர் பிடித்து, ஐங்கோணமாக மாற்றிக் கட்டியதும், 1795 இல் அது ஆங்கிலேயர் கைக்குப் போனதும், 1990 இல் புலிகள் அதை முற்றுகையிட்டதும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியவை அல்ல. அகழ்வில் கிடைத்த உரோம, சீன மட்பாண்டத் துண்டுகளையும் அறிவீர்கள். ஆனால் எங்களுடன் வந்த வழிகாட்டி, போர்த்துக்கேயர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய 1619 இல்தான் கதையைத் தொடங்கினார். அதற்கு முன் இந்தக் கரையில் மனிதரே வாழவில்லையா? திருத்திய மதிலில் எது பழைய முருகைக்கல் (பவளப்பாறைக் கல்), எது அண்மையில் வைத்தது என்று ஒரு பையன் கேட்டான். காட்டித்தர என்னால் இயலவில்லை.

இங்கே பழையது எதுவானாலும் இதே கதிதான். வீட்டு வாசலில் கூரையோடு நின்ற சங்கடப்படலைகள் பெரும்பாலும் போய்விட்டன, வழிப்போக்கர் இளைப்பாறத் தெருவை மூடிக் கட்டிய தெருமூடிமடங்கள் அருகிவிட்டன. நடுவே முற்றம் வைத்த நாற்சார் வீடுகளை இடித்துக் கடைத்தொகுதி கட்டுகிறார்கள். கேட்பதற்கு ஆளில்லை. இவற்றுக்கெல்லாம் நீங்கள் பொறுப்பல்ல என்பதை அறிவேன். மனவேதனையில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோட்டை உங்கள் பொறுப்பில் இருக்கிறது. தேவாலய இடிபாட்டின் அருகிலும், திருத்திய மதில்களிலும், அகழ்வு நடந்த இடத்திலும் மும்மொழிகளில் விளக்கப் பலகைகள் வையுங்கள். போரில் இடிந்ததைப் போரில் இடிந்தது என்றே எழுதுங்கள். அடுத்த தவணையில் இன்னொரு வகுப்பை அழைத்து வர இருக்கிறேன். அதற்குள் தேவாலயத்தடியிலாவது ஒரு பலகை வைக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன். வாசகம் எழுத ஆள் தேவையென்றால் எங்கள் பாடசாலை ஆசிரியர்கள் எழுதித் தரத் தயாராக இருக்கிறோம்.

இங்ஙனம்,
வரலாற்று ஆசிரியை ஒருவர்
யாழ்ப்பாணம்