ஒரு மீற்றர் நீரில் ஐந்து மீற்றர் அலையா?

ஆசிரியர் அவர்கட்கு,

அண்மையில் மட்டக்களப்பு நகரில் உயர்தர மாணவர்களுக்கு நடந்த கருத்தரங்கு ஒன்றின் குறிப்பை என் பேத்தி வீட்டுக்குக் கொண்டுவந்தாள். அதில் ஆழிப்பேரலைக் கணக்கு ஒன்று. 2004 டிசம்பர் 26 அன்று வங்காள விரிகுடாவுக்கு மேலாகச் சென்ற செய்மதி அளந்த அலை உயரம் ஏறத்தாழ 60 சென்ரிமீற்றர். ஆழம் 4000 மீற்றர் என்று கொண்டு, ஆழம் குறையக் குறைய, அதன் நான்காம் மூலத்துக்கு (வர்க்கமூலத்தின் வர்க்கமூலம்) நேர்மாறாக உயரம் கூடும் என்ற கிறீனின் விதியைப் பிரயோகித்திருக்கிறார்கள். ஒரு மீற்றர் ஆழத்தில் 4.8 மீற்றர் என்று விடை. அதன் கீழே இரட்டைக் கோடு.

எங்கள் வீட்டுச் சுவரில் அன்றைய நீர் விட்ட தடம் என் நெஞ்சளவு. “எது பிழை, தாத்தா?” என்று கேட்டாள்.

பெருக்கலில் பிழையில்லை. ஆனால் நீரின் ஆழத்துக்கு முன்னே அலையின் உயரம் அற்பம் என்ற எடுகோளில்தான் அந்த விதியே நிற்கிறது. 4000க்கு 0.6 அற்பம்தான். 100 மீற்றர் ஆழத்தில் ஒன்றரை மீற்றர் என்பதும் பரவாயில்லை. 10 மீற்றரில் 2.7 வரும்போதே பேனா தயங்கியிருக்க வேண்டும். ஒரு மீற்றரில் விடையே எடுகோளை விழுங்கிவிட்டது. உயரத்தின் விளைவை ஓரளவு சேர்த்துக்கொள்ளும் சமன்பாட்டை டச்சுக் கணிதவியலாளர்களான கோர்ட்டவெக்கும் டி விரீசும் 1895இல் தந்தார்கள். அதுவும் ‘உயரம் சிறிது’ என்ற நிபந்தனையோடுதான்.

கல்லடிக் கடற்கரையில் சற்று நேரம் நின்று பார்த்தாலே விளங்கும். அலையின் முடிக்குக் கீழே நீர் அதிகம், முன்னடியில் குறைவு. 4 மீற்றர் நீரில் அலையின் வேகம் செக்கனுக்கு 6.3 மீற்றர், 6 மீற்றர் நீரில் 7.7. முடி அடியை எட்டிப் பிடிக்கிறது, முகம் நிமிர்கிறது, உடைகிறது. கரைவலைத் தோணிக்காரர் துடுப்பைப் பிடித்தபடி காத்திருப்பது இந்த உடைவு கடப்பதற்காகத்தான். குறிப்பிலுள்ள சமன்பாட்டிலோ அலை உடைவதே இல்லை!

ஊசல் கணக்கிலும் இதே கதைதான்: கோணம் சிறிது என்ற எடுகோளில் சைனுக்குப் பதில் கோணத்தையே போடுகிறோம். 10 பாகையில் பிழை அரை வீதம், 60 பாகையில் 21 வீதம். முப்பது வருடம் பலகையில் இதைப் போட்டுக் காட்டியவன் நான். விடையைத் திரும்ப எடுகோளில் போட்டுப் பார்க்காத மாணவருக்கு நான் முழுப் புள்ளி கொடுத்ததில்லை (அதற்காகத் திட்டும் வாங்கியிருக்கிறேன்).

அந்தக் குறிப்பு மறுபடி அச்சாகப் போவதாக அறிகிறேன். இரட்டைக் கோட்டை அழித்துவிட்டு, எந்த ஆழம் வரை அந்த விதி செல்லும் என்று ஒரு வரி சேர்க்குமாறு ஏற்பாட்டாளர்களைத் தங்கள் பத்திரிகை வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

ஓய்வுபெற்ற பிரயோக கணித ஆசிரியர்,
கல்லடி, மட்டக்களப்பு.