சிரித்தது பிழையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

ரொறன்ரோவில் மேடையேறிய, வடகனடாவின் இனுவிட் மக்களுடைய கடல் தெய்வம் செட்னாவின் கதையைச் சொல்லும் இசை நாடகம் பற்றிச் சென்ற இதழில் வந்த விமர்சனத்தை மூன்று தடவை வாசித்தேன். 'பாடிக்கொண்டிருந்த இரு பெண்களும் நடுவில் சிரித்துவிட்டார்கள். ஒத்திகை போதவில்லை' என்று எழுதியிருக்கிறார் உங்கள் விமர்சகர்.

ஐயா, அந்தச் சிரிப்பில்தான் அந்தப் பாட்டே முடிகிறது. கட்டஜ்ஜாக் என்பது இனுவிட் பெண்களின் தொண்டைப் பாட்டு. பாட்டு என்பதைவிட விளையாட்டு. யார் முதலில் சிரிக்கிறாரோ, மூச்சு வாங்கி நிறுத்துகிறாரோ, அவர் தோற்றார்.

இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. கனடாவுக்கு வந்த புதிதில், வடக்கே இனுவிட் மக்கள் வாழும் இக்கலுயிட்டில் ஒரு ஹோட்டல் குசினியில் மூன்று வருடம் கோப்பை கழுவினேன். மத்தியானம் வேலை ஓய்ந்ததும் கூட வேலைசெய்த இரண்டு பெண்கள் ஒருவர் முழங்கையை ஒருவர் பிடித்துக்கொண்டு, மூக்கு முட்டுகிற மாதிரி நின்று தொடங்குவார்கள். அரம் அராவுவதுபோல ஒரு சத்தம், உள்மூச்சிலும் வெளிமூச்சிலும். திடீரென்று ஒருத்தி வெடித்துச் சிரிப்பாள். முதல் நாள், 'ஏன் நிறுத்திவிட்டீர்கள்?' என்று கேட்டேன். அதற்கும் சேர்த்துச் சிரித்தார்கள். பாதிரிமார் ஒரு காலத்தில் இதைப் பாடவே விடவில்லை. தப்பிப் பிழைத்து மேடைக்கு வந்தால், எங்கள் ஆள் ஒத்திகை போதாது என்கிறார்!

நாடகத்தில் தகப்பன் மகள் செட்னாவின் விரல்களை வெட்டுவது 'காட்டுமிராண்டித்தனமாம்'. சிறுத்தொண்டர் பிள்ளையைக் கறி சமைத்த கதைக்குக் கோயிலில் கண்ணீர் விடுகிறவர்கள் நாங்கள். சரி, அதை விடுவோம். மந்திரவாதி கடலடிக்குப் போய்ச் செட்னாவின் தலைமுடியை வாருவது 'தேவையில்லாத இழுவை' என்பதைத்தான் தாங்க முடியவில்லை. அவளுக்குத்தான் விரல்கள் இல்லையே, எப்படி வாருவாள்? முடி சிக்கெடுத்தால்தான் கோபம் ஆறி, சீல்களையும் வால்ரஸ்களையும் மனிதருக்கு விடுவாள். பக்கத்தில் இருந்த என் ஏழு வயதுப் பேத்திக்கு இது விளங்கியது.

தலைப்பில் 'எஸ்கிமோ' வேறு. இனுவிட் மக்கள் பலர் இழிவாகக் கருதும் பழைய பெயர் அது. எட்மண்டன் விளையாட்டு அணிகூட 2020இல் அந்தப் பெயரைக் கைவிட்டுவிட்டது. தங்களுக்குத் தெரியாததல்ல. நாதஸ்வரத்தை யாராவது பாம்பாட்டியின் மகுடி என்று எழுதினால் முதலில் துள்ளுவது தங்கள் பத்திரிகைதான்.

இது முதல் தடவையும் இல்லை. இரண்டு வருடத்துக்கு முன் வடதுருவக் கட்டுரைக்குப் பென்குயின் படம் போட்டீர்கள். அதுகள் இருப்பது பூமியின் மறுகோடியில் என்று எழுதினேன். என் கடிதத்தை நடுவில் வெட்டிப் போட்டீர்கள். என் ஊர்ப் பெயரில் நீங்கள் விட்ட பிழையை மட்டும் வெட்டவில்லை.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த இதழில் இரண்டு வரித் திருத்தம் போதும். இந்தக் கடிதத்துக்கும் இடம் போதாது என்றால் பென்குயினை வெட்டுங்கள், குசினியை விட்டுவையுங்கள்.

பழைய சந்தாதாரர்,
ஸ்காபரோ (நெடில், ஸ்கா)