ஆறு ஜாக், நாலு பில்

கோத்தகிரி
ஞாயிறு காலை

அம்மிணிக்கு அப்பா எழுதுவது.

நீ அனுப்பின போட்டோ கிடைத்தது. ராத்திரி பதினொன்றரைக்கு அனுப்பியிருக்கிறாய், நான் விடிந்துதான் பார்த்தேன். வைகாசிக்கு அப்புறம் உன்னிடமிருந்து வருகிற முதல் செய்தி, அதிலும் ஒரே வரி: "அப்பா, ஸ்கூல் ஆபீஸ் ஈபிஏபிஎக்ஸ்ல இன்னொரு லைன் போடணும், காலி போர்ட் எதுன்னு எப்படிப் பாக்கறது?" அவ்வளவுதான். சரி, அதையாவது என்னிடம் கேட்கத் தோன்றியதே. போனில் சொன்னால் "சரிப்பா சரிப்பா" என்று பாதியில் வைத்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன். அவசரப்படாமல் கடைசிவரைக்கும் படி.

முதல் விஷயம், வெளி லைனை உள்ளே மேஜை மேஜையாகப் பிரித்துக் கொடுக்கிற அந்த ஈபிஏபிஎக்ஸ் பெட்டியின் பவரை எந்தக் காரணத்துக்காகவும் அணைக்காதே. எந்த லைன் எந்த மேஜையில் மணியடிக்க வேண்டும், யார் வெளியூர் பேசலாம், யார் பேசக்கூடாது என்பதெல்லாம் அதன் மெமரியில் இருக்கிறது. பவர் இல்லாத நேரத்தில் அதைக் காப்பாற்றுவது உள்ளே இருக்கிற சின்ன லித்தியம் பேட்டரி. இவ்வளவு பழைய பெட்டியில் அந்தப் பேட்டரி எப்போதோ செத்திருக்கலாம், பெட்டி ஓடிக்கொண்டிருக்கிறவரைக்கும் அது யாருக்கும் தெரியாது. ஒரு தடவை அணைத்துவிட்டால் போட்டுவைத்த அத்தனையும் போய்விடும், அப்புறம் ஹாஸ்டலுக்கு வருகிற போன் எங்கே அடிக்கும் என்று சொல்ல முடியாது. காலி இடம் கண்டுபிடிக்கப் பவரை அணைக்க வேண்டியதே இல்லை. புதுக் கார்டு செருகுவதாக இருந்தால்தான் அணைக்க வேண்டும், அதற்கு முன்னால் செட்டிங் எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பானசோனிக் டிஇஎஸ் 824, நல்ல பெட்டி. வாங்கும்போது அதில் 3 வெளி லைன், 8 எக்ஸ்டென்ஷன், அதாவது உள் போன். கார்டு சேர்த்துக்கொண்டே போனால் 8 லைன், 24 எக்ஸ்டென்ஷன் வரைக்கும் போகும். உன்னுடையதில் 3 லைன் கார்டு ஒன்று கூடுதலாகப் போட்டிருக்கிறார்கள், ஆக வெளி லைன் செருகுகிற, சிஓ என்று எழுதின ஜாக் ஆறு. ஆறிலும் வயர் செருகியிருக்கிறது, அதனால்தான் இடமே இல்லை என்று நினைத்திருக்கிறாய். ஆனால் மாதாமாதம் பில் வருவது நாலு நம்பருக்கு என்று பங்குனியில் வந்திருந்தபோது நீயே சொன்னாய். ஆறு ஜாக், நாலு பில், கணக்கு உதைக்கிறதா இல்லையா? லைன் வேண்டாமென்று சரண்டர் செய்கிறபோது யாரும் பெட்டிப் பக்கம் போகமாட்டார்கள். கடிதம் கொடுப்பார்கள், டெபாசிட்டை வாங்குவார்கள், செத்த வயர் பெட்டியிலேயே செருகிக் கிடக்கும். நான் டெலிபோன் சர்வீசில் இருந்த காலம் முழுக்க இதைத்தான் பார்த்தேன்.

அதே போட்டோவில் யூபிஎஸ் பேட்டரிக்குப் பக்கத்தில் பச்சை சூட்கேஸ் தெரிகிறது. அது நம் வீட்டுடையது, பிடியில் அம்மா கட்டின சிவப்பு ரிப்பன்கூட அப்படியே இருக்கிறது. டெலிபோன் ரூமில் துணிப்பெட்டி எல்லாம் வைக்கக்கூடாது. கொடைக்கானல் பனிக்குத் துணி ஈரம் கோத்துக்கொள்ளும், அந்த ஈரம் சுவரில் வயர் ஜோடிகளைச் சேர்க்கிற க்ரோன் மாட்யூலில் இறங்கினால் செம்பு பச்சை பூத்துவிடும், லைனில் கரகரவென்று சத்தம் வரும். அப்புறம், அந்த ரூமில் யாராவது படுக்கிறார்களா? பேட்டரி சார்ஜ் ஆகும்போது வாயு வரும். ஜன்னல் சாத்தின ரூமில் அதன் பக்கத்தில் படுக்கவே கூடாது. யாராக இருந்தாலும் சொல்.

சரி, எப்படிப் பார்ப்பது என்று கேட்டாயல்லவா. நாலு பில்லையும் மேஜையில் வைத்துக்கொள். உன் மொபைலிலிருந்து ஒவ்வொரு நம்பராகக் கூப்பிடு. ஆபரேட்டர் மேஜையில் இருக்கிற பட்டன் போனில் எந்த விளக்கு மின்னுகிறது என்று அங்கே இருக்கிற அக்காவைப் பார்த்துச் சொல்லச் சொல். எந்த விளக்கும் மின்னாமல் உன் மொபைலில் மட்டும் ரிங் போய்க்கொண்டிருந்தால் அந்த லைன் பெட்டிக்கு வராமல் நேராக ஃபேக்ஸுக்கோ சிக் ரூமுக்கோ போகலாம், இல்லாவிட்டால் வழியில் அறுந்திருக்கலாம். அதை ஒதுக்கி வை, அதன் மேல் கை வைக்காதே, ராத்திரியில் பிள்ளைக்கு முடியாமல் போனால் டாக்டருக்குப் பேச அதுதான் இருக்கலாம்.

அப்புறம் பெட்டிப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டு வா. ஆறு வயரிலும் ஒரு துண்டுப் பேப்பர் ஒட்டி ஜாக் நம்பரை எழுது. பென்சிலால் எழுது, பேனா மை அங்கே ஒரு மழைக்காலம் தாங்காது. விளக்கு அணைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஒவ்வொன்றாக எடு, யாராவது பேசிக்கொண்டிருக்கும்போது பிடுங்காதே. எடுத்த வயரில் ஒரு சாதாரண போனைச் செருகு. டயல் டோன் வந்தால் உன் மொபைலுக்கு அடி, திரையில் என்ன நம்பர் வருகிறதோ அதுதான் அந்த லைன், உடனே எழுதிக்கொள். டோன் வராவிட்டால் மல்டிமீட்டரை டிசியில் வைத்துப் பார். உயிருள்ள லைன் சும்மா இருக்கும்போது 48 வோல்ட் பக்கத்தில் காட்டும், போனை எடுத்தால் 10 அளவுக்கு இறங்கிவிடும். சுத்தமாகப் பூஜ்யம் என்றால் ஒன்று சரண்டர் ஆன லைன், இல்லாவிட்டால் வழியில் எங்கோ அறுந்திருக்கிறது. வெறும் கையால் செம்பைப் பிடிக்காதே, அந்த நேரம் பார்த்து யாராவது கூப்பிட்டால் 75 வோல்ட் ஏசி வரும், சுளீரென்று இருக்கும்.

பில் இல்லை என்பதற்காக ஒரு ஜாக்கைக் காலி என்று முடிவு கட்டாதே. சில ஆபீசில் சிம் கார்டு போடுகிற எஃப்சிடி பெட்டியை வாங்கி ஒரு சிஓ ஜாக்கில் செருகியிருப்பார்கள். அதன் பில் மொபைல் கணக்கோடு வரும், லேண்ட்லைன் ஃபைலில் இருக்காது. அதனால் வயரைக் கையால் பிடித்துக்கொண்டே போய் அது எங்கே முடிகிறது என்று பார்க்க வேண்டும். சுவரில் க்ரோனுக்குப் போனால் ஒரு மாட்யூலுக்குப் பத்து ஜோடி, கலர் வரிசை உனக்குத் தெரியும், வெள்ளையோடு நீலம், ஆரஞ்சு, பச்சை, பிரவுன், சாம்பல், அப்புறம் சிவப்போடு அதே ஐந்து. இரண்டாங்கிளாஸ் படிக்கும்போதே ஒப்பித்தவள் நீ. மிச்சமான ஜம்பர் வயரில் வளையல் பின்னி கிளாசில் எல்லோருக்கும் கொடுத்தாய். இன்றைக்கு ஒரு பள்ளிக்கூடத்தின் ஆபீசே உன் கையில் நடக்கிறது என்று இங்கே டானிங்டனில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன். அவர்களும் "பொண்ணு எப்ப வருது" என்றுதான் கேட்கிறார்கள்.

ஒரு இடத்தில் மட்டும் தப்பு நடக்கவே கூடாது. வெளி லைனைக் கொண்டுபோய் எக்ஸ்டென்ஷன் ஜாக்கில் செருகிவிடாதே. ஜாக் பார்க்க எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். எக்ஸ்டென்ஷன் ஜாக்கில் பெட்டியே கரண்ட் கொடுக்கிறது, வெளி லைனில் எக்ஸ்சேஞ்ச் கொடுக்கிறது, இரண்டையும் மோதவிட்டால் கார்டு போய்விடும். சந்தேகம் இருந்தால் காலி ஜாக்கில் மீட்டர் வை. வோல்ட் காட்டினால் எக்ஸ்டென்ஷன், ஒன்றும் காட்டாவிட்டால் வெளி லைனுக்கான ஜாக். மேலே எழுதியிருக்கிற சிஓ என்ற எழுத்தை மட்டும் நம்பாதே.

இன்னொன்று. காலி என்று தெரிந்த ஜாக் நல்ல ஜாக் என்று அர்த்தமில்லை. சித்திரை இடியிலும் ஐப்பசி இடியிலும் மலையில் முதலில் அடிவாங்குவது வெளி லைன் போர்ட்தான். போர்ட் எரிந்துபோனால் வருகிற ஆள் லைனைப் பக்கத்து ஜாக்குக்கு மாற்றிவிட்டுப் போய்விடுவான், எங்கேயும் எழுதி வைக்கமாட்டான். அதனால் வேலை செய்கிற லைன் ஒன்றை அந்தக் காலி ஜாக்கில் செருகி, வெளியிலிருந்து ஒரு கால், உள்ளேயிருந்து ஒரு கால், இரண்டும் பேசிப் பார். நன்றாக இருந்தால்தான் அது உனக்குக் காலி. க்ரோனில் இடியைத் தாங்குகிற ஜிடி ட்யூப் போட்டிருக்கிறதா, எர்த் வயர் நிஜமாகவே மண்ணுக்குள் போகிறதா என்றும் பார்த்துவிடு.

2009 நவம்பர் உனக்கு ஞாபகம் இருக்கும். கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. கொட்டி, மலை சரிந்து, கேபிள் எல்லாம் மண்ணோடு போனது. நான் வீட்டுக்கு வராமல் ரோட்டிலேயே கிடந்தேன். எட்டாங்கிளாஸ் படித்த நீ தினமும் எக்ஸ்சேஞ்சுக்குப் போன் பண்ணி "அப்பா சாப்பிட்டாரா" என்று கேட்டாயாம், ஆபரேட்டர் அக்காக்கள் ரொம்ப நாளைக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மலையே சரிந்தபோதும் லைன் கிடைத்தது உனக்கு. இப்போது மொபைல் கையிலேயே இருக்கிறது.

மாப்பிள்ளைக்குப் போன வாரம் போன் செய்தேன். எடுத்தார். "அவ ஸ்கூல்ல இருப்பா மாமா" என்றார், அதற்கு மேல் எதுவும் பேசவில்லை. ராத்திரி ஒன்பது மணிக்கு என்ன ஸ்கூல் என்று நானும் கேட்கவில்லை. வத்தலக்குண்டில் நல்ல மழையா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். சூட்கேஸைப் பற்றி அம்மாவிடம் சொல்லவில்லை, அவளே போட்டோவைப் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

விட்டுப்போன ஒன்று, கரண்ட் போகும்போது என்ன ஆகும் என்பது. யூபிஎஸ்ஸும் தீர்ந்துவிட்டால் அந்தப் பெட்டி தானாகவே முதல் சிஓ லைனை முதல் எக்ஸ்டென்ஷனோடு நேராகச் சேர்த்துவிடும். அந்த ஜாக்கில் ஒரு சாதாரண போன் இருந்தால் இருட்டிலும் பேசலாம். ஆனால் அந்த லைன் செம்பு லைனாக இருக்க வேண்டும். இப்போது புது லைன் கேட்டால் பெரும்பாலும் ஃபைபரில்தான் தருவார்கள். மோடத்தின் பின்னால் போனுக்கென்று ஒரு ஜாக் இருக்கும், அதிலிருந்து வயர் இழுத்து சிஓவில் செருகினால் பெட்டிக்கு வித்தியாசம் தெரியாது, நன்றாகவே வேலை செய்யும். ஆனால் கரண்ட் போனால் மோடமும் படுத்துவிடும். அதனால் சிஓ 1-ல் இருக்கிற பழைய செம்பு லைனை யார் என்ன சொன்னாலும் அசைக்காதே, சரண்டரும் செய்யாதே. புது லைனைக் கண்டுபிடித்த காலி ஜாக்கில் போடு. பெருமாள்மலைப் பக்கம் மரம் சாய்ந்தால் ஸ்கூலே இருட்டில் கிடக்குமே, அந்த ஒரு போன் இருக்கட்டும். நீ அங்கேயே இருப்பதாக இருந்தால் இன்னும் முக்கியம்.

செருகியதோடு வேலை முடியாது. வெளியே பேச 9 அழுத்துகிறவர் செத்த லைனில் மாட்டிக்கொள்ளாமல் இருக்க, முன்னால் வந்தவர் அந்த ஜாக்கை ப்ரோக்ராமில் அடைத்து வைத்திருக்கலாம். அதைத் திறக்க வேண்டும், பகலில் யார் மேஜையில் மணி, ராத்திரி எங்கே மணி என்று சொல்ல வேண்டும், 9 அழுத்தினால் இந்த லைனும் கிடைக்க வேண்டுமா என்று முடிவு செய்ய வேண்டும். அதற்குப் பாஸ்வேர்ட் வேண்டும், பெட்டியைப் பராமரிக்கிற பழைய ஏஎம்சி ஆளிடம் வாங்கி வை. தெரியாமல் எதையும் அழுத்திப் பார்க்காதே. பவரையும் அணைக்காதே, மறுபடியும் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமையில் இதையெல்லாம் செய்யாதே, பெற்றவர்கள் ஹாஸ்டலுக்குக் கூப்பிடுகிற நாள்.

என்னால் போட்டோவை வைத்து இவ்வளவுதான் சொல்ல முடியும். அதனால் வெள்ளிக்கிழமை நாங்கள் இரண்டு பேரும் வருகிறோம். மேட்டுப்பாளையம் இறங்கி, கோவை உக்கடத்தில் பழனி பஸ் பிடித்து, பழனியிலிருந்து மலை ஏறினால் இருட்டுவதற்குள் வந்துவிடுவோம். என் டெஸ்ட் போனும் க்ரோன் டூலும் எடுத்து வைத்துவிட்டேன், அம்மா வர்க்கி வாங்கச் சொல்லியிருக்கிறாள். எங்களுக்கு கெஸ்ட் ரூம் எதுவும் கேட்காதே. திரும்பும்போது அந்தப் பச்சை சூட்கேஸ் பஸ்ஸில் மேலே போடுகிற அளவுதானா, இல்லை இன்னும் சாமான் இருக்கிறதா என்று மட்டும் எழுது, இருந்தால் வேன் பேசிக்கொண்டு வருகிறேன். வெள்ளிக்கிழமைக்குள் நாலு நம்பரில் எது எந்த ஜாக் என்றும் பார்த்து வை.

அப்பா